வந்தவருக்கு அளித்தது என்ன?
(எல்லைப்புறத் தமிழரின் உபசார வரலாறு)

வீட்டுப் படியேறி வந்தவரை வெறும் வாயோடு திருப்பி அனுப்பலாகாது என்பது தமிழ்க் குடும்பங்களில் எழுதப்படாத சட்டமாகும். அங்ஙனமே, கொடுத்ததை வேண்டாமென்று தள்ளலாகாது என்பதும் வந்தவருக்குரிய சட்டமாக இருந்து வருகிறது. முதற் சட்டத்தைப் பற்றி நூல்களும் சொற்பொழிவுகளும் நிரம்ப உண்டு. இரண்டாவது சட்டத்தைப் பற்றிப் பேசுவார் அரியர். ஆயினும், மனிதனின் உடல்நலத்தை நன்றாகவோ தீதாகவோ ஆக்கியதில் இந்த இரண்டாவது சட்டத்திற்கே பெரும் பங்கு உண்டு என்பது அடியேனின் கருத்து. மன்னர்கள் ஆண்ட வரலாற்றைப் பள்ளியில் படித்தோம். தட்டிலும் குவளையிலும் வைத்து நீட்டப்பட்ட பொருளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனை இவ்வாண்டு மலருக்காகச் சிறிது ஆராய்வோம்.

திருக்குறளில் விருந்தோம்பல் ஒன்பதாம் அதிகாரம். கள்ளுண்ணாமை தொண்ணூற்று மூன்றாம் அதிகாரம். ஒன்று அறத்துப்பாலில், மற்றொன்று பொருட்பாலில். இவ்விரண்டும் ஒரே கூடத்தில் எதிரெதிரே அமர்ந்தால் என்ன செய்வது என்பதே நம் கேள்வி. சங்க காலத்தில் கள் நட்பின் அடையாளமாகவே விளங்கிற்று. அதியமான் மறைந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டில், அவன் தன்னோடு கள்ளைப் பகிர்ந்துகொண்ட பெருந்தன்மையே முதலிற் பேசப்படுகிறது. அங்கே கள் என்பது பானம் மட்டுமன்று. நீ எனக்கு வேண்டியவர் என்று சொல்லும் ஒரு மொழி. அந்த மொழியை மறுப்பவன் பானத்தை மறுத்தவனாகக் கருதப்படுவதில்லை, மனிதனை மறுத்தவனாகவே கருதப்படுகிறான். இரண்டாயிரம் ஆண்டுகளாக இந்தச் சிக்கல் தீரவில்லை. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்குப் பத்துப் பாக்கள் செலவிட வேண்டி வந்ததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

இதனை ஆராய்வதற்கு வடகரப்பதியைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது. பாலக்காட்டு ஜில்லா சித்தூர்த் தாலுகாவில், கோவை ஜில்லாவின் எல்லையை ஒட்டிக் கிடக்கிறது இப்பஞ்சாயத்து. கேரளம் என்றவுடன் நினைவுக்கு வரும் மழையும் பசுமையும் இங்கே அளவோடுதான். மண்ணும் மக்கள் பேச்சும் கோவைப் பக்கத்தைச் சேர்ந்தவை. வீட்டில் தமிழ், ஆபீஸில் மலையாளம், சந்தையில் இரண்டும். கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வேலந்தாவளம் என்று பக்கத்தூர்கள் எல்லாவற்றிலும் இதே நிலைமை. சித்தூர்த் தாலுகா முற்காலத்தில் கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. ஆனால், கொச்சி நாட்டின் ஏனைய பகுதியோடு ஒட்டாமல், நாற்புறமும் ஆங்கிலேயரின் சென்னை மாகாணத்தால் சூழப்பட்டுத் தனித் தீவுபோற் கிடந்தது. ஒரு பக்கம் மலபார், மறுபக்கம் கோயம்புத்தூர். ஒரு பண்டத்திற்கு ஒரு பக்கத்தில் ஒரு சட்டமும் மறுபக்கத்தில் வேறு சட்டமும் என்ற நிலை இம்மக்களுக்குப் புதியதன்று என்பதை நினைவிற் கொள்க.

முதலில் தாம்பூலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் சேர்ந்த தாம்பூலம் மிகப் பழையது. நிச்சயதார்த்தம் என்பதையே நம்மவர் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்ளுதல் என்பர். புகையிலை அவ்வாறன்று. அது அமெரிக்காவிலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது. நம் நாட்டில் நானூறு ஆண்டுக்குச் சற்று மேற்பட்ட வயதே உடைய விருந்தாளி. ஆனால், வந்தவுடன் பழைய தாம்பூலத் தட்டிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது. அதுதான் அதன் சாமர்த்தியம். புதுப் பழக்கம் தனியாக வந்தால் மக்கள் ஐயுறுவர். பழைய மரியாதையின் முதுகில் ஏறி வந்தால் யார் கேட்பார்? யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறிற்று. கோவைப் புகையிலை பாலக்காட்டுக் கணவாய் வழியே மலபாருக்குச் சென்றது. கிழக்கிந்தியக் கம்பெனியார் கோவையிலும் மலபாரிலும் புகையிலை வாணிகத்தைத் தங்கள் ஏகபோகமாக வைத்துக்கொண்டு, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் பெருவருமானம் ஈட்டினர். மக்கள் மென்று துப்பியதில் ஒரு பகுதி கம்பெனியின் கஜானாவுக்குச் சென்றது என்று சொன்னால் மிகையாகாது.

இதன் விலையை முதலில் கண்டவர்கள் டாக்டர்கள். தென் திருவிதாங்கூரில், இப்போதைய கன்னியாகுமரி ஜில்லாவிலுள்ள நெய்யூரில், லண்டன் மிஷனார் நிறுவிய வைத்தியசாலை ஒன்று உண்டு. எவரெஸ்ட் சிகரமேறச் சென்ற சாமர்வெல் துரை பணியாற்றிய இடம் அதுவே. அங்கிருந்த ஆர் என்னும் டாக்டர், வெற்றிலை போடுவோருக்கு வாயில் உண்டாகும் புற்றுநோயைப் பற்றி 1933இல் லண்டனின் லான்செட் பத்திரிகையில் எழுதினார். அதன்பின் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, புகையிலை சேராத வெற்றிலைத் தாம்பூலமும் பாக்கும்கூடப் புற்றுநோயை உண்டாக்க வல்லவை என்று 2004இல் வெளியிட்ட நூலில் அறுதியிட்டுரைத்தது. இடைப்பட்ட எழுபது ஆண்டுகளில் எத்தனை கல்யாணங்கள், எத்தனை தட்டுகள்!

என் தாய்மாமன் ஒருவர் எல்லைப்புறக் கிராமத்தில் பஞ்சாயத்துப் பேசுபவராக இருந்தார். வழக்கை முடித்துவைத்தால் இரு தரப்பாரும் தாம்பூலம் நீட்டுவர். ஒருவர் தட்டிலிருந்து எடுத்து, மற்றவர் தட்டிலிருந்து எடுக்காவிட்டால் தீர்ப்பில் ஓரவஞ்சனை என்று பேச்சு வரும். ஆகவே இரண்டையும் எடுப்பார். கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளைத் திட்டு விழுந்து, பின் புண்ணாகி, வாயைத் திறக்க இயலாமற் போனபோதுதான் வைத்தியரிடம் சென்றார். அவர் பெருந்தீனிக்காரரும் அல்லர், ஒழுக்கங் கெட்டவரும் அல்லர். நடுநிலைமை தவறாதிருக்க வேண்டும் என்ற கவலையே அவருக்கு நோயாய் முடிந்தது. கடைசி மாதங்களில் கஞ்சி மட்டும் இறங்கிற்று. அப்போதும் பார்க்க வந்தவர்களுக்குத் தாம்பூலத் தட்டு வைக்கும்படி அத்தைக்குச் சைகை காட்டுவார்.

திருவனந்தபுரத்தில் 1996இல் தொடங்கிய ஓர் ஆய்வைப் பற்றி இங்கே குறிப்பிடுவது பொருத்தமாகும். 35 வயதுக்கு மேற்பட்ட ஏறத்தாழ 1,90,000 பேரை இரு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்தாரின் வாயை மட்டும் பயிற்சி பெற்ற ஊழியர் வீடு வீடாகச் சென்று வெளிச்சத்திற் பார்த்து வந்தனர். பெரிய இயந்திரம் எதுவுமில்லை. கண்ணும் விளக்குமே கருவிகள். புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப் புற்றுநோயால் ஏற்படும் மரணம் இதனால் 34 சதவிகிதம் குறைந்ததென்று 2005இல் முடிவு வெளியாயிற்று. என் மாமனின் வாயை அங்ஙனம் எவரும் பார்க்கவில்லை.

இனி, கள்ளுக்கு வருவோம். சித்தூர்த் தாலுகாவின் தென்னந்தோப்புகளைக் காணாதவர், கேரளத்துக் கள்ளுக்கடைகளின் ஊற்றுக்கண்ணைக் காணாதவரே. இங்கே இறக்கப்படும் கள், அரசாங்கத்தின் பெர்மிட்டோடு வண்டியேறிக் கேரளத்தின் பல ஜில்லாக்களுக்குச் செல்கிறது. விடியற்காலையில் கலயங்கள் இறங்குவதும், கேன்கள் நிறைவதும், வண்டிகள் வரிசையாகப் புறப்படுவதும் இப்பகுதியின் அன்றாடக் காட்சி. தோப்புக்காரருக்கு வருமானம், மரமேறிக்குக் கூலி, அரசுக்கு வரி. இத்தனை பேரின் சோற்றில் கலந்துவிட்ட ஒன்றைப் பற்றிப் பட்டணத்திலிருந்து வந்து உபதேசம் செய்வது எளிது. அந்த ஊரில் இருந்துகொண்டு சொல்வது கடினம்.

சட்டம் இந்த எல்லையில் ஆடிய ஆட்டத்தைச் சிறிது விரிவாகவே சொல்ல வேண்டும். ராஜாஜி சென்னை மாகாண முதன்மந்திரியாயிருந்தபோது, 1937 அக்டோபர் 1 அன்று சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு தொடங்கிற்று. அடுத்த ஆண்டு சித்தூருக்கும் கடப்பைக்கும் பரவிற்று. (இச்சித்தூர் ஆந்திரத்துச் சித்தூர், நம் சித்தூர் அன்று. பெயரொற்றுமையால் மயங்குவோர் பலர்.) கள் வருமானம் போனதை ஈடுகட்டவே 1939இல் விற்பனை வரி பிறந்தது. இன்று நாம் சோப்பு வாங்கினாலும் செலுத்தும் வரியின் பாட்டன் அந்த மதுவிலக்குத்தான் என்பது வேடிக்கையான உண்மை. போர்க்காலத்தில் தளர்ந்துபோன அத்திட்டம், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதன்மந்திரியாயிருந்த 1948 அக்டோபரில் மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. அப்போது மலபாரும் கோவையும் சென்னை மாகாணத்திலேயே இருந்தன. ஆகவே பாலக்காட்டில் விலக்கு, பொள்ளாச்சியில் விலக்கு. இடையே கொச்சியைச் சேர்ந்த சித்தூர்த் தாலுகாவுக்கோ சென்னைச் சட்டம் செல்லாது!

1956 நவம்பர் 1 அன்று கேரளம் பிறந்தது. மறு ஆண்டின் முதல் நாளில் பாலக்காட்டு ஜில்லா பிறந்தது. 1967இல் கேரள அரசு மதுவிலக்கைக் கைவிட்டது. தமிழ்நாட்டில் விலக்கு நீடித்தது. 1971இல் தமிழ்நாடும் கதவைத் திறந்தது. 1974க்குள் மீண்டும் அடைத்தது. 1981இல் மறுபடி திறந்தது. 1987 தொடக்கத்தில் கள்ளுக்கும் சாராயத்துக்கும் மீண்டும் அடைத்தது. 1996 ஏப்ரல் 1 முதல் கேரளத்தில் சாராயம் தடையாயிற்று. 2003இல் தமிழ்நாட்டு அரசின் டாஸ்மாக் நிறுவனமே சில்லறைக் கடை வைத்தது. இன்றைய நிலைமை யாதெனில், எல்லைக் கல்லுக்கு மேற்கே கள் சட்டபூர்வமான தொழில். கிழக்கே அதே தென்னை மரத்திலிருந்து அதே கள்ளை இறக்குதல் குற்றம். ஆனால் கிழக்கே சீமைச் சரக்கை விற்பது சர்க்காரே. வடகரப்பதி எல்லைக்குள்ளேயே மேனோன்பாறையில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை ஒன்று இருந்தது. அது மூடப்பட்டபின் அந்நிலத்தில் கேரள அரசின் மலபார் டிஸ்டிலரீஸ் வந்தது. கரும்பு போய்ச் சாராய வடிப்பு வந்த கதையை வரலாறு தன் பாணியில் எழுதி வைத்திருக்கிறது.

இவ்வளவு முறை சட்டம் புரண்டும், மக்கள் குடித்ததும் குடிக்காததும் சட்டத்தால் தீர்மானமாயிற்றா என்றால், முழுவதும் இல்லை என்றே சொல்வேன். வேலந்தாவளத்துக்கு அப்பால் நடந்து சென்றால் சட்டம் மாறிவிடும். பக்கத்து வீட்டுக்காரர் மாறமாட்டார். காதுகுத்துக்கும் கிடாவெட்டுக்கும் வந்த பங்காளிகளுக்குக் குவளை வைக்காவிட்டால், கஞ்சன் என்ற பெயர் மூன்று தலைமுறைக்கு நிற்கும். அங்கே சென்ற இளைஞன் கையைப் பின்னுக்கிழுத்தால், பெரிய மனிதனாகிவிட்டான், நம்மோடு சேரமாட்டான் என்பர். அவன் குடிப்பது தாகத்துக்கன்று, அச்சொல்லுக்கு அஞ்சி.

ஆனால், இதே சமூக நிர்ப்பந்தம் மறுபக்கமாகவும் வேலை செய்திருக்கிறது என்பதை மறக்கலாகாது. இதை மறைத்துவிட்டு, சமூகம் எப்போதும் மனிதனைக் கெடுக்கிறது என்று எழுதுவோரோடு நான் உடன்படவில்லை. ஸ்ரீ நாராயண குரு, கள்ளிறக்குதலைத் தொழிலாகக் கொண்டிருந்த தம் சமூகத்தாரை நோக்கியே, மது நஞ்சென்றும், அதனைச் செய்யவும் விற்கவும் அருந்தவும் ஆகாதென்றும் 1921இல் அறிவுறுத்தினார். அவ்வாண்டிலேயே ஈரோட்டில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலுக்குத் தலைமை தாங்கினர்; பெரியார் ஈ.வெ.ரா. தம் தோப்பிலிருந்த தென்னை மரங்களை வெட்டச் செய்தார். பெண்கள் கடைவாசலில் நின்றபோது, அதுவரை குடிக்காவிட்டால் வெட்கம் என்றிருந்தவனுக்குக் குடித்தால் வெட்கம் என்றாயிற்று. வெட்கம் அதேதான், அது நின்ற பக்கம் மட்டும் மாறிற்று.

காப்பியும் தேநீரும் நம் தட்டுக்கு வந்த கதை வேறு. இவற்றைக் கொண்டுவந்ததில் நம் ரயிலுக்குப் பங்குண்டு என்பதால் சற்று ஆவலோடு எழுதுகிறேன். சென்னையிலிருந்து புறப்பட்ட இருப்புப்பாதை 1862இல் பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து பேப்பூரோடு இணைந்தது. பாலக்காடு–பொள்ளாச்சிப் பாதை 1932இல் திறக்கப்பட்டது. காப்பி, 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் நடுத்தரக் குடும்பங்களின் கௌரவப் பானமாயிற்று. அதனைக் கண்டித்துப் பத்திரிகைகளில் எழுதியவர் பலர். நீராகாரத்தை விட்டுக் காப்பிக்கு அடிமையானோம் என்று புலம்பாத பெரியவர் இல்லை. புலம்பியவர்கள் வீட்டிலும் காப்பி கொதித்தது. தேயிலையோ பிரசாரத்தால் வந்தது. 1903இல் தேயிலை வரிச் சட்டம் வந்தது. அவ்வரிப் பணத்தைக் கொண்டு, 1930களில் ஏற்றுமதி சுருங்கியபோது, உள்நாட்டிலேயே மக்களைத் தேநீர் குடிக்கப் பழக்கினர். வீடு வீடாகச் சென்று போட்டுக் காட்டினர். சந்தையில் இலவசமாக ஊற்றினர். ரயில் நிலையங்களில் தேநீர் தயாரிக்கும் முறையை அந்தந்த ஊர் மொழியில் எழுதிய எனாமல் பலகைகள் மாட்டப்பட்டன. தேவிகுளம், பீர்மேடு மலைகளில் நம் தமிழர் கொழுந்து பறித்தனர். சமவெளித் தமிழருக்கு அதைக் குடிக்கச் சொல்லித்தரப் பலகை மாட்டினர்.

இதிலும் சமூகம் கோடு கிழித்தது. தென்னிந்திய ரயில்வேயின் நிலையச் சிற்றுண்டிச்சாலைகளில் பிராமணருக்குத் தனி இடம், ஏனையோருக்குத் தனி இடம் என்ற ஏற்பாடு 1941 வரையில் இருந்தது. கிளர்ச்சியின் பயனாகவே அது ஒழிந்தது. ஒரு குவளைக் காப்பியை எங்கே உட்கார்ந்து குடிப்பது என்பதைக்கூட மனிதன் தானாகத் தீர்மானிக்க முடியாதிருந்த காலம் அது.

காப்பியால் கள் போல் குடி கெடுவதில்லை. அதனை ஒப்பிட்டுப் பயமுறுத்தல் தகாது. ஆனால், அதில் விழும் சர்க்கரையைப் பற்றி இன்று பேசாமலிருக்க முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்த ஆய்வு, நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உண்டென்று 2023இல் அறிவித்தது. வயது வந்தோரில் கேரளத்தில் நூற்றுக்கு 25 பேருக்கு மேலும், தமிழ்நாட்டில் 14 பேருக்கு மேலும் இந்நோய் உள்ளது. நாமோ இரு நாட்டுக்கும் பிள்ளைகள். காலனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு வீடுகளுக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்கச் செல்பவர் நான்கு டம்ளர் காப்பி குடிக்கிறார். சர்க்கரை வியாதி என்று சொல்லி மறுக்கலாமே என்றால், சொல்ல மனம் வருவதில்லை. பெண் பார்க்க வருகிறவர்களிடம் எவ்வாறு சொல்வது? குடும்பத்தில் நோய் உண்டு என்ற பேச்சு எழாதா? வியாதியை மறைப்பதற்காகவே வியாதிக்கு ஆகாததைக் குடிக்கும் தகப்பன்மார் நம்மிடையே இல்லையென்று யாரும் சொல்ல மாட்டார்கள். வீட்டம்மாளின் நிலையோ இன்னும் மோசம். எல்லோருக்கும் கொடுத்தபின் மிஞ்சிய பாலில் மிஞ்சிய சர்க்கரையைப் போட்டு, நின்றபடியே குடிப்பார். அவருக்கு இரத்தப் பரிசோதனை என்பது ஆண்டுக்கொரு முறைகூடக் கிடையாது.

ஆபீஸ் உபசாரங்களும் இவ்வாறே. ரயிலோட்டும் ஊழியர் பணியேற்குமுன் மூச்சுப் பரிசோதனைக் கருவியில் ஊதியாக வேண்டும். ஆகவே அவர்களுக்கு மறுப்பதற்கொரு காரணம் அரசே தந்திருக்கிறது. “நாளைக்கு டியூட்டி” என்றால் எவரும் வற்புறுத்தார். எங்களைப் போன்ற குமாஸ்தாக்களுக்கு அப்பாக்கியம் இல்லை. பிரமோஷன் வந்தவர் விருந்து கொடுக்க வேண்டும். ஓய்வு பெறுபவருக்குப் பிரிவு விருந்து. போனஸ் நாளில் காரணமே வேண்டாம். மது அருந்துவதில் உடலுக்குத் தீங்கற்ற அளவு என்று ஒன்றில்லை என்பதை உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளிப்படையாகக் கூறிவிட்டது. ஆனால், அந்த மேஜையில் சுகாதார நிறுவனத்தின் பேச்சு எடுபடாது. பக்கத்து நாற்காலிக்காரரின் பேச்சே எடுபடும். எனக்குத் தெரிந்த நண்பரொருவர், நாற்பது வயது வரை தொடாதவர், ஒரு பதவி உயர்வு விருந்தில் தொடங்கினார். ஐம்பதில் கல்லீரல் பழுதுற்று மறைந்தார். அன்று முதற் குவளையை ஊற்றியவர்கள் கெட்டவர்கள் அல்லர். அவர்மீது அன்புள்ளவர்களே, இறுதிச் சடங்கிற்கும் முதலில் வந்தவர்கள் அவர்களே. அவர் மனைவி அவர்களுக்கும் காப்பி கொடுத்தார்.

நம் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இவ்வாண்டு ஒரு சிறு விவாதம் நடந்தது. ஆண்டு விழாவில் வழங்கும் தாம்பூலப் பையில் பாக்குப் பொட்டலம் வேண்டுமா என்பது பொருள். மங்கலம் குறையும் என்றனர் மூத்தோர் சிலர். வெற்றிலையும் மஞ்சளும் தேங்காயும் இருக்க மங்கலம் எவ்வாறு குறையும் என்றனர் மகளிர் அணியினர். இரண்டு மணி நேரம் பேசியபின், பொட்டலத்திற்குப் பதிலாக ஒரு எலுமிச்சம்பழம் வைப்பதென்றும், தேநீர் இரண்டு பாத்திரங்களில், ஒன்று சர்க்கரையோடும் ஒன்று சர்க்கரையின்றியும் வைப்பதென்றும், எதைப் பிடித்தீர்கள் என்று எவரையும் எவரும் கேட்கலாகாதென்றும் முடிவாயிற்று. கடைசி நிபந்தனையை முன்மொழிந்தவர் நம் பொருளாளரின் தாயார். வயது எழுபத்து நான்கு. அதனை எதிர்த்து ஒருவரும் கை தூக்கவில்லை.